திடீர்ப் பயணத்தின் முன்னேற்பாடுகள்: ஓர் உரைவழி ஆய்வு

பயணம் இருவகைப்படும்: திட்டமிட்டுப் போவது, திடீரென்று கிளம்புவது. மூன்றாவது வகை உண்டென்போர் தனிக் கருத்தரங்கம் கூட்டிக்கொள்க.

1. திட்டமிட்ட பயணம்

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாயிற்று. நம் தொலைநோக்கும் அன்றே பாதியாயிற்று. இதுபற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2. காத்திருப்போர் பட்டியல்

ஒருதலைக் காமம். கைக்கிளையுள் அடங்கும்.

3. ஆர்.ஏ.சி.

முன்பின் அறியாத இருவர் ஒரே சைடு லோயரில், முழங்காலோடு முழங்கால் முட்ட, விடியும்வரை உட்கார்ந்திருப்பது. பொருந்தாமையின் பெருந்திணை.

4. திடீர்ப் பயணம்

இதற்கு மூலநூல் கிடைக்கவில்லை. உரையை எழுதிவிட்டு மூலத்தைத் தேடுவது நம் ஆய்வுலகில் புதிதன்று. ஆதலால் நூற்பாவை நாமே யாத்தோம்:

திடீர்எனப் படுவது முந்தைநாட் காலை
பத்தும் பதினொன்றும் ஆயிரு பொழுதே.

இதன் பொருள்: ஏ.சி. வகுப்பில் போவாருக்கு ஊர் போகும் ஆசை முதல் நாள் காலை 10 மணிக்குப் பிறக்கும், ஏ.சி. அல்லாதாருக்கு 11 மணிக்குப் பிறக்கும். முன்னதாகப் பிறந்தால் தட்கல் கிடையாது. சற்றே தாமதமாகப் பிறந்தால் டிக்கெட்டே கிடையாது.

இடையில் ஒரு மணி நேரம் ஏன்? 'காசுள்ளார்க்கு மனம் முந்தும்' என்பார் லோயர்பெர்த்தார். 'அன்று, சர்வர் தாங்காமையின்' என மறுப்பார் மிடில்பெர்த்தார். சைடு அப்பரார், தம் உரைச்சுருக்கத்தின் விளக்கத்துக்குத் தாமே வரைந்த பிற்சேர்க்கையின் அடிக்குறிப்பில் (விழுப்புரத்தில் டீ கொட்டியதால் மூன்று வரி சிதைவு), 'இவ்விருவரும் பதினொன்றே காலுக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்கள். இவர் கூற்று பிரமாணமாகாது' என்று இருவரையும் ஒருங்கே கவிழ்க்கிறார்.

இனி, 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். மனம்போன போக்கில் போகிறவர், தம் மனம் இன்னாருடையது என்பதை அரசுக்கு முன்கூட்டியே நிறுவியிருத்தல் வேண்டும் என்பது கருத்து. உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. எனவே மனம் மாறும் உரிமை திடீர்ப் பயணிக்கு இல்லை. பிடித்தம் போக மீதியைப் பெற்றுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் சுதந்திரம், அறுபது நாள் முன்பே பதிந்தவனுக்கே உரியது.

எடுத்துக்காட்டாக, காலை 10.58க்கு ஒரு வீடு. மகன் மடியில் லேப்டாப். மகள் கையில் ஓ.டி.பி. வரும் போன். பயணிகள் பெயர், வயது, பெர்த் விருப்பம் யாவும் மாஸ்டர் லிஸ்டில் போன வாரமே ஏற்றியாயிற்று. தந்தை யு.பி.ஐ. பின்னை வாய்க்குள் உருப்போடுகிறார். யாரும் தும்மக்கூடாது. இக்குடும்பம் 'சும்மா ஒரு ட்ரிப்' போகிறது.

கிடைத்தாலும் எஸ்3, எஸ்7, எஸ்11 என்று ஆளுக்கொரு பெட்டி. எங்கோ கிடக்கும் சொற்களை நச்சினார்க்கினியர் கொண்டுகூட்டியதுபோல, பாட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுகூட்டிப் பொருள்கொள்வது பயணியின் கடன். பணம் கட்டியவுடன் இடம் உறுதி என்னும் நெறி தட்கலுக்கு இல்லை. அது பன்னாட்டுக் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கே உரியது.

5. கள ஆய்வு

'சும்மா கிளம்பிட்டேன் சார்' என்ற இளைஞர் ஒருவரின் பையை, அவர் இசைவுடன், கீழடி முறையில் அடுக்கடுக்காக அகழ்ந்தோம். மேலடுக்கில் பவர் பேங்க், சார்ஜர். நடு அடுக்கில் மடித்த கைலி. அதனுள் 'ராத்திரி சாப்பிட்டப்புறம்' என்று பேனாவால் எழுதிய மாத்திரை அட்டை. கையெழுத்து அவருடையதன்று. அடியடுக்கில், வாழையிலையிலும் செய்தித்தாளிலும் பொதிந்த புளியோதரை. புளிக்காய்ச்சல் சோற்றுக்குள் இறங்கியிருந்த ஆழத்தைக்கொண்டு காலக்கணிப்புச் செய்ததில், மகனுக்கு ஆசை பிறக்குமுன்பே தாயார் புளியை ஊறவைத்துவிட்டார் என்பது தெளிவாயிற்று.

6. முடிபு

திடீர்ப் பயணமாவது வேறொருவர் போட்ட திட்டம்.

இதை உறுதிசெய்ய அத்தாயாரிடமே போனில் கேட்டோம்: 'அம்மா, நீங்க எப்பவாச்சும் இப்படித் திடீர்னு கிளம்பியிருக்கீங்களா?'

'நான் கிளம்பிட்டா மாவு யாருப்பா அரைக்கிறது?'

நன்னூல் கூறும் எண்வகை விடையுள் இது வினா எதிர் வினாதல் என்பார் லோயர்பெர்த்தார். அன்று, உறுவது கூறல் என்பார் மிடில்பெர்த்தார். இருவரும் தத்தம் கொள்கையை நாட்டப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். மாவு யார் அரைப்பது என்பதுபற்றி இருவர் உரையிலும் குறிப்பில்லை.