மியாட்டா மூலபாடம்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பாடபேதங்களும் இடைச்செருகல்களும்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்க நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய காலம் தொட்டு, பிரதிகளை ஒப்பிடுவது, பாடபேதம் குறிப்பது, இடைச்செருகலைப் பிரித்தெடுப்பது, செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு மேலே போவது எல்லாம் தனித் துறையாகவே வளர்ந்திருக்கின்றன. இந்த முறையைப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருத்திப் பார்த்தவர் இதுவரை எவரும் இலர். பல்கலைக்கழகங்களின் மெத்தனத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. பழைய காரும் சுவடியைப் போலவே கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு கையும் எதையோ சேர்த்திருக்கிறது, எதையோ தொலைத்திருக்கிறது. மூல ஆசிரியர் கடல் கடந்து இருக்கிறார். வாங்கியவர் நள்ளிரவில் விளக்கைப் பிடித்தபடி குனிந்து உற்றுப் பார்க்கிறார். சுவடிக்கும் காருக்கும் வேறுபாடு உண்டென்றால், சுவடிக்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பனுவல் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா, பிறந்த நாடான ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர். பிரதிகள் ஏராளம் என்பதே தேர்வுக்குக் காரணம்: 2016 ஏப்ரலில் ஹிரோஷிமா ஆலையில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. இவற்றுள் 1989 முதல் 1997 வரை வந்த முதற்பதிப்பை மட்டும் இங்கே கொள்கிறோம். அதன் முகப்பு விளக்குகள் பானட்டுக்குள் படுத்திருந்து, சுவிட்சைப் போட்டதும் கண் திறந்து எழும். 1998இல் வந்த திருத்திய பதிப்பில் விளக்குகள் எப்போதும் திறந்தே கிடக்கின்றன. இமைக்காத கண் தேவர்களுக்கு உரியது. தேவர்களின் ஊர்தி நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

நூல் வரலாறு சுருக்கமாக. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர் 1979இல் மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் பாணியில் எடை குறைந்த, கூரை திறக்கிற, இருவர் மட்டும் அமர்கிற கார் ஒன்றைச் செய்யுங்கள் என்றார். பின்னாளில் ஹால் மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். யோசனை சொன்னவரையே வேலைக்கு வைத்துக்கொள்வது எந்த நாட்டிலும் அபூர்வம். தொஷிஹிக்கோ ஹிராய் திட்டத்தை முன்னின்று நடத்த, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அரங்கேற்றம் நடந்தது. 1.6 லிட்டர் இஞ்சின், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. லோட்டஸ் எலான் போன்ற 1960களின் ஆங்கில வண்டிகள் முதல்நூல் என்றால் இது வழிநூல். முதல்நூலின் ஓசை, வடிவு, காற்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அதன் தீராத ஆயில் ஒழுக்கை மட்டும் விட்டுவிட்டது என்பது பெருவழக்கான கருத்து. அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னர் காண்போம்.

இனி இத்துறையின் மையக் கோட்பாட்டுக்கு வருவோம். பழைய கார் வாங்கிய எவரும் முதல் வாரத்திலேயே ஒருவரைக் கண்டுபிடித்துவிடுகிறார்: முன்னவர். அவரை நேரில் பார்த்தவர் இல்லை. ஆனால் அவருடைய கைவண்ணம் எங்கும் விரவிக் கிடக்கும். பச்சை வயரை ஸ்பீக்கர் வயரோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில் தள்ளியவர் முன்னவர். நான்கு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் போட்டு, அதிலும் ஒன்றை அலமாரிக் கதவிலிருந்து கழற்றிப் போட்டவர் முன்னவர். ரேடியோ மாற்றும்போது வயர்க் கற்றையைக் கத்தரிக்கோலால் வெட்டியவர் முன்னவர். விற்க வந்த பெரியவரைக் கேட்டால், நான் ஆயில் மாற்றியதோடு சரி, மற்றதெல்லாம் எனக்கு விற்றவர் செய்தது என்பார். அந்த விற்றவரைத் தேடிப் பிடித்தால் அவரும் இதையே சொல்வார் என்பதில் ஐயமில்லை. இப்படிப் பின்னோக்கிப் போனால் அத்தனை குற்றமும் ஆலை வாசலில் வண்டியை முதலில் தொட்டவர் தலையில் போய் விடியும். இடைச்செருகல் செய்தவர் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. அது சுவடியிலும் இல்லாத வழக்கம்.

பிரதியின் காலத்தைக் கணிக்கப் பதிவுச் சான்றிதழை நம்பலாம். ஆனால் அறிஞர் நம்பமாட்டார். அவர் தரையில் படுத்து கிராங்க் புல்லியில் உள்ள பள்ளங்களை எண்ணுவார். நான்கு என்றால் ஆரம்பகாலப் பிரதி. கிராங்க் தண்டின் மூக்கு குட்டை. போல்ட் தளர்ந்தால் உள்ளே உள்ள சாவி தேய்ந்து, இஞ்சினின் தாளமே பிசகும். எட்டு என்றால் மூக்கு நீண்ட பிந்தைய பிரதி, நிம்மதியாக எழுந்திருக்கலாம். இத்தனை துல்லியமான காலக்கணிப்பு நம் சங்க இலக்கியத்துக்கு வாய்க்கவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

அடுத்தது, ஆயில் பிரஷர் முள் பற்றிய புகழ்பெற்ற சிக்கல். 1994 வரையிலான வண்டிகளில் இந்த முள் உண்மை பேசியது. குளிர்ந்த இஞ்சினில் ஏறி நிற்கும். சூடேறி, சிக்னலில் நிற்கும்போது தாழும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மறுபடி ஏறும். 1995 முதல் இதே இடத்தில், இதே வட்டத்தில், இதே போன்ற முள் ஒன்று இருக்கிறது. ஆனால் அது அளப்பதில்லை. பிரஷர் போதுமானது என்றால் நடுவில் போய் நிற்கும். இல்லை என்றால் கீழே விழும். இடைநிலை கிடையாது. பார்வைக்கு அளவைக் கருவி, தொழிலால் ஆம்-இல்லை சொல்லும் சுவிட்ச். உரையாசிரியர்கள் இங்கே இரண்டாகப் பிரிகிறார்கள். பிந்தைய முள்ளே மேலானது, அது உரிமையாளரின் உறக்கத்தைக் காக்கிறது என்பது ஒரு சாரார் துணிபு. மறு சாரார் பழைய வண்டியிலிருந்து உண்மை முள்ளைப் பிடுங்கி வந்து புதியதில் பொருத்திக்கொண்டு, அதன் பிறகு சாலையைப் பார்க்காமல் முள்ளையே பார்த்து ஓட்டுகிறார்கள். இக்கட்டுரையாளர் முதல் சாராரைச் சேர்ந்தவர். உண்மை தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லாத இடங்களில் நடுவில் நிற்கும் முள் ஒரு நாகரிகம்.

ஆயில் ஒழுக்குக்கு வருவோம். பிழையான பாடத்தைப் பிழையாகத் திருத்துவதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு இல்லை. வண்டி நின்ற இடத்தில், இஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் பகுதிக்கு நேர் கீழே, ஒரு சொட்டு. அனுபவமுள்ள மெக்கானிக் குனிந்து பார்த்து, முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பார். இறக்கினால் பணம் பழுக்கும். ஆனால் இஞ்சினின் தலைப்பகுதிக்குப் பின்னால், கை நுழையாத இடுக்கில், கேம் ஆங்கிள் சென்சார் என்றொரு சிறு உருளை உட்கார்ந்திருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். வயதானால் அது கல்லாக இறுகிவிடும். அங்கிருந்து கசியும் ஆயில் இஞ்சினின் முதுகு வழியாக இறங்கி வந்து, பின்பக்க சீல் ஒழுகினால் எங்கே சொட்டுமோ அதே இடத்தில் சொட்டும். குற்றவாளி மாடியில், கைதானவர் தரைத்தளத்தில். ஒரு காபியின் விலைகூட இல்லாத வளையத்துக்காகக் கியர் பாக்ஸ் இறங்கிய வரலாறுகள் உண்டு. இறக்கி, சீலை மாற்றி, ஏற்றிய மறுநாள் காலை அதே இடத்தில் அதே சொட்டு. சொல்லின் இறுதியில் பிழை தெரிகிறதென்றால், எழுதியவன் கை முதலெழுத்திலேயே நடுங்கியிருக்கலாம் என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள்.

செல்லரிப்பு என்பது இங்கே துரு. துணிக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியே இறங்கித் தரைக்குப் போக வேண்டும் என்பது மூலத்தின் கருத்து. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைச் சருகு அந்தத் துளைகளை அடைக்கும். வழி இல்லாத நீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியை உள்ளிருந்து தின்னும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில் வெளியிலிருந்தும் தின்னும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தட்டிப் பார்த்தால் இரும்பு மணியோசை தர வேண்டும். அட்டைப்பெட்டி ஓசை வந்தால் அது முன்னவர் பட்டி வைத்துப் பூசிய இடம். சிதைந்த பகுதியில் புள்ளி வைத்து ஒப்புக்கொள்வது ஒரு நேர்மை. தானே இரண்டு அடி எழுதி நிரப்பி, மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடிப்பதை எந்தப் பதிப்பு நெறியும் மன்னிக்காது.

இந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு, காரைத் தனக்கே உரியதாக ஆக்கிக்கொள்ளும் வேட்கை பற்றியது. வாங்கியவர் எவரும் வண்டியை வாங்கியபடியே விடுவதில்லை. இது என் கார், ஊரில் வேறெதைப் போலவும் இருக்கக்கூடாது என்று தொடங்குகிறார். முதலில் மரத்தாலான ஸ்டியரிங். பிறகு சஸ்பென்ஷனை மாற்றித் தரையோடு தரையாக இறக்குதல். 14 அங்குல ரிம்மைக் கழற்றி 15 அங்குலம். தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்சர். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர். இதனால் திறன் கூடுகிறதோ இல்லையோ, உறிஞ்சும் ஓசை கூடுகிறது, ஓசை கூடினால் திறன் கூடியதாக மனம் எழுதிக்கொள்கிறது. கடைசியாக, முகப்பு விளக்குகளை முழுதும் எழவிடாமல் பாதியில் நிறுத்தி, வண்டிக்குத் தூக்கக் கலக்கம் ஏற்படுத்துவது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மியாட்டாக்காரர்கள் கூடும் இடத்துக்குப் போகிறார். அங்கே வரிசையாக நிற்கும் வண்டிகள் அத்தனையும் மர ஸ்டியரிங்கோடு, தரையோடு தரையாக, தூக்கக் கலக்கத்தோடு இருக்கின்றன. ஆலையில் வைத்த ரிம்மோடும் ஆலை உயரத்தோடும் ஓரமாக நிற்கும் ஒரே ஒரு வண்டியைச் சுற்றித்தான் கூட்டம்.

இதன் விளைவாக இப்போது எதிர்த்திசையில் ஓர் இயக்கம் நடக்கிறது. இருபது ஆண்டு முன்பு குப்பையில் எறிந்த அசல் உதிரிகளைத் தேடி அலைகிறார்கள். கழற்றக் கொடுத்த கூலியைவிடத் திரும்ப மாட்டக் கொடுக்கும் விலை பன்மடங்கு. மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் இந்த முதற்பதிப்பு வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்து, துணிக் கூரையிலிருந்து அக்காலத்து டயர் வடிவம் வரை மறுபடி செய்யவைத்தது. மூல ஆசிரியர் உயிரோடு இருந்து, தன் பிரதியைத் தானே செப்பம் செய்ய முன்வருவது ஏட்டுலகில் கனவிலும் நடக்காதது.

ஆனால் ஆசிரியர் சொன்னதெல்லாம் சரியா என்ற கேள்வியும் உண்டு. இந்த இஞ்சினின் குடும்பம் மாஸ்டா 323 என்ற முன்சக்கர வண்டியிலிருந்து வந்தது. அங்கே அது குறுக்காகக் கிடந்தது. தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. மியாட்டாவில் நெடுக்காக வைத்தபோது பின்முனை சுவரை ஒட்டிவிட்டதால், வெளியேறும் வழியை முன்பக்கமே வைத்துவிட்டார்கள். நுழைவதும் முன்னால், போவதும் முன்னால். கடைசி சிலிண்டருக்குத் தண்ணீர் பந்தியின் கடைசி இலைக்குப் பாயசம் வருவது போலத்தான் வருகிறது. அன்றாட ஓட்டத்துக்கு இது போதும். டர்போ வைத்துப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் வழியை மறுபடி பின்னுக்குத் திருப்பிவிடுகிறார்கள். இது இடைச்செருகலா, ஆசிரியரின் உள்ளக்கிடக்கையை மீட்டெடுத்த திருத்தமா என்பதில் அறிஞர்கள் பேச்சுவார்த்தை இல்லாத அளவுக்குப் பிளவுபட்டிருக்கிறார்கள்.

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்வது ஆய்வு நெறி. இக்கட்டுரையாளரின் துணைவியார் காலையில் காபியோடு கேரேஜ் வாசலில் நின்று, "இன்னிக்கு இது ஓடுற நாளா, கிடக்கிற நாளா?" என்று கேட்பது வழக்கம். கேள்வியின் தொனியில் ஒரு முழு ஆய்வுப் பள்ளியின் நிலைப்பாடு அடங்கியிருக்கிறது. குடும்பத்தில் நான்கு பேர், வண்டியில் இரண்டு சீட்டு என்ற அவரது இரண்டாம் வாதத்துக்கு இதுவரை மறுப்புரை எழுதப்படவில்லை. பத்து எம்எம் ஸ்பேனர் எங்கே போகிறது என்ற கேள்விக்கும் அப்படியே.

எஞ்சியிருப்பது பெட்டி. பொறுப்புள்ள ஒவ்வொரு முன்னவரும் தான் கழற்றிய அசல் உதிரிகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்து, வண்டியை விற்கும்போது அதையும் கூடவே கொடுப்பார். சந்தையில் பெட்டி உள்ள பிரதிக்குத் தனி மதிப்பு. இக்கட்டுரையாளர் பெற்ற பெட்டியில் அசல் கியர் குமிழ், ஒரு சன்வைசர், பெயர் தெரியாத ஏழெட்டு கிளிப்புகள் ஆகியவற்றோடு, மியாட்டாவின் எந்த ஆண்டு வண்டிக்கும் பொருந்தாத ஒரு கதவுக் கைப்பிடியும் இருந்தது. எடுத்துப் பார்த்து, எல்லாக் கோணத்திலும் பொருத்திப் பார்த்து, வேறொரு கம்பெனிக் காருடையது என்ற முடிவுக்கு வந்த பிறகு, அதைத் துடைத்து மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். கூடவே, சென்ற மாதம் எதிலிருந்து கழன்றது என்று தெரியாமல் போன ஒரு ஸ்க்ரூவையும்.