மிக அருகில்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்ததும் உள்ளேயிருந்து வழுக்கி விழும் மனை நோட்டீஸை மதுரை ஆனையூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரத்து நோட்டீஸ் கிளப்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1937இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரசார ஆய்வு நிறுவனம், ஆளை மடக்கும் உத்திகள் ஏழு என்று பட்டியல் போட்டது. அதில் ஒன்றை இந்த ஒரு தாளிலேயே காட்டலாம். தோதானதை மட்டும் அடுக்கி, தோதில்லாததை அமுக்கும் உத்தி அது.

‘எய்ம்ஸ் 5 நிமிடம்’ என்கிறது நோட்டீஸ். எதில் போனால் என்று சொல்லவில்லை. வழி 10 கிலோமீட்டர் என்றால்கூட மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஷேர் ஆட்டோ அந்த வேகத்தை எட்டுவதற்குள் சக்கரம் தனியாகப் போய்விடும். டவுன் பஸ் ஒரு ஸ்டாப்பில் ஆள் ஏற்றவே 5 நிமிடம் ஆகும். கோரிப்பாளையத்தை அழகரே 5 நிமிடத்தில் கடந்ததில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, ஆம்புலன்ஸில், சைரனோடு போனால் ஒருவேளை முடியலாம். ஆனால் போய் இறங்க அங்கே ஆஸ்பத்திரி இருக்க வேண்டுமே! தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. 2022இல் சேர்ந்த முதல் செட் மாணவர்கள் படிக்கப் போனது நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ராமநாதபுரத்துக்கு. கட்டடம் எழும்பாத வருடங்களிலும் அந்த 5 நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. இல்லாத வாசலுக்கு நேரம் குறித்த கணித மேதை யாரோ! திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. நோட்டீஸிலுள்ள ‘மெட்ரோ நிலையம் மிக அருகில்’ மட்டும் திரும்பிப் போக மறுக்கிறது.

‘இதையெல்லாம் எவன் சார் நம்புகிறான்?’ என்பார்கள். நம்பாதவனுக்காக யாரும் வழவழ தாளில் நாலு கலரில் அச்சடிப்பதில்லை. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 5 என்றால் 20 என்று உடனே தள்ளுபடி போட்டுக்கொள்கிறோம். அங்கேதான் மாட்டுகிறோம். நிமிடத்தில் பேரம் பேசி ஜெயித்த பெருமிதத்தில் பட்டா யார் பெயரில், போர் போட்டால் தண்ணீர் எத்தனை அடியில், பாதை யாருடையது என்று கேட்க மறந்துபோகிறது. சென்ட் விலையில் எய்ம்ஸும் மெட்ரோவும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது. விலகிக்கொண்டால் கட்டிய பணமும் வட்டியும் திரும்ப வேண்டும். பொய் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். ‘மிக அருகில்’ என்பதை எந்த டேப்பால் அளப்பது? நிலவுகூட சூரியனைவிட மிக அருகில்தான்.

பத்திரிகை நம்மைக் காப்பாற்றும் என்பவர்கள் அதே நாளிதழின் ரியல் எஸ்டேட் இணைப்பைப் பார்க்கலாம். இடப்பக்கம் மனை விளம்பரம், வலப்பக்கம் ‘அசுர வளர்ச்சியில் மதுரை’. எது செய்தி, எது விளம்பரம் என்று பிரித்துச் சொல்லும் எழுத்து எறும்பு அளவில் இருக்கும், இருந்தால். காசு வாங்கிக்கொண்டு தேர்தல் செய்தி போட்ட கதையை விசாரித்த பிரஸ் கவுன்சில் துணைக்குழு, 2010இல் பத்திரிகைகளின் பெயரோடு அறிக்கை கொடுத்தது. கவுன்சில் பெயர்களை எடுத்துவிட்டுச் சுருக்கி வெளியிட்டது. தோதில்லாததை அமுக்குவது பற்றிய அறிக்கையையே அமுக்கினார்கள். முழுசும் வெளியே வர மறுவருடம் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது.