காவிரி வெளியிட்ட சூப்பர் ஹிட்ஸ்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் ஏற்றுமதிப் பெருமை 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ உருண்டதும் தொடங்கியதாகப் பேச்சு. சுத்தப் பொய். அதே சாலையில், பூந்தமல்லி தாண்டியதும் வரும் திருமழிசையிலிருந்து ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கும் முன்பே வெளியூர் மார்க்கெட்டைப் பிடித்துவிட்டார். பாட்டும் அவரே, குரலும் அவரே.

பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளன் வீட்டுப் பிள்ளையான திருமழிசையாழ்வார், மதம் மதமாக மாறிப் பார்த்தவர். அவரை மடக்க மயிலாப்பூர் பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். இவர் சிரித்தார், வாதம் வந்தது, தோற்றார்.

பிறகு காஞ்சிபுரம். பல்லவ ராஜா தன்னைப் பற்றி ஒரு பாட்டு கேட்டான். சீடர் கணிகண்ணன் முடியாது என்றார். ஊரை விட்டுப் போ என்றான் ராஜா. சீடர் கிளம்ப, குரு கிளம்ப, குரு பாடிய பாட்டுக்குப் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு திருவெஃகாப் பெருமாளும் கிளம்பிவிட்டார். மூவரும் ஒரு ராத்திரி தங்கிய இடம்தான் ஓரிருக்கை. ராஜா ஓடிவந்து காலில் விழுந்த பிறகு திரும்பிய பெருமாள், மற்ற ஊர் வழக்கத்துக்கு மாறான பக்கம் தலைவைத்து இன்றும் படுத்திருக்கிறார். பாட்டுக்காரனிடம் வம்பு வைத்துக்கொண்டால் சாமிக்கே தூக்கம் போச்சு.

கடைசியில் கும்பகோணம். எழுதிய ஓலையெல்லாவற்றையும் ஆழ்வார் காவிரியில் வீசினார். இரண்டே இரண்டு கட்டுகள் எதிர்நீச்சலடித்துக் கரையேறின: 120 பாட்டுள்ள திருச்சந்த விருத்தம், 96 பாட்டுள்ள நான்முகன் திருவந்தாதி. மிச்சத்தைக் காவிரி கடலுக்கு அனுப்பிவிட்டது. இவ்வளவு கறாரான எடிட்டர் பதிப்பகம் எதிலும் கிடையாது, அட்வான்சும் கேட்கவில்லை.

அந்த 216-ஐ நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் சேர்த்தவர் காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள். கும்பகோணத்துப் பெருமாள்மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாட்டை யாரோ பாட, ஆயிரத்தில் பத்து என்று அதிலேயே இருக்கிறதே, மிச்சம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆழ்வார்திருநகரிவரை போனார். அங்கே நம்மாழ்வாரைப் புகழும் 11 பாட்டை 12,000 தடவை ஜபித்தார். ஓடிபி வரத் தாமதமானாலே போனை உதறுகிற நமக்கு இது புரியாது. கேட்டது ஆயிரம், கிடைத்தது எல்லா ஆழ்வார்களும் சேர்ந்த காம்போ. மருமகன்கள் இருவரை வைத்து ராகம் போட்டார்; தொகுப்பு இன்றும் கோயில் கோயிலாக ஓடுகிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதமே ஒதுங்கி அதிலுள்ள திருப்பாவைக்கு வழிவிடுகிறது.

ஒரு கணக்குதான் உதைக்கிறது. நாலாயிரத்தின் கடைசியில், 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர்மேல் திருவரங்கத்தமுதனார் பாடிய 108 பாட்டும் இருக்கிறது. நாதமுனிகள் போய்ச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் ராமானுஜரே பிறந்தார். தொகுத்தவர் காலத்தில் இல்லாத ஆளைப் பற்றிய பாட்டு அவர் தொகுப்புக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், வைணவப் பெரியவர்கள் அந்த 108-ஐச் சேர்த்தும் 4000 காட்டுவார்கள், விட்டும் 4000 காட்டுவார்கள். எந்த ஆடிட்டரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.