தறி ஆரணியில், தம்பட்டம் காஞ்சியில்

1751 டிசம்பர் 3-ஆம் தேதி ஆரணிக்கு வெளியே, நெல் வயலும் சேறுமாகக் கிடந்த இடத்தில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் ஆற்காட்டு நவாப் பதவிக்கு மோதிய சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப், கூடவே பிரெஞ்சுக்காரர்கள். இன்னொரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுத வந்து, கணக்கு சலித்துப்போய்த் துப்பாக்கி தூக்கிய 26 வயது ராபர்ட் கிளைவ், கூடவே மராத்தியக் குதிரைப்படை. ஆற்காட்டு முற்றுகையில் 50 நாள் தாக்குப்பிடித்துவிட்டு, விலகிப் போனவர்களைத் துரத்திக்கொண்டு வந்திருந்தார். ஜெயித்தார். எதிராளியின் கஜானாப் பெட்டி கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த 600 சிப்பாய்கள் சத்தமில்லாமல் முதலாளியை மாற்றிக்கொண்டார்கள். ஆரணிக் கோட்டையை வைத்திருந்தவரும் காற்றடிக்கும் திசையைப் பார்த்து, கம்பெனி பக்கத்து முகமது அலிதான் எங்கள் நவாப் என்று சொல்லிவிட்டார்.

இத்தனையும் ஆரணியில் நடந்தது. ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிளைவுக்கு என்ன பட்டம்? ஆற்காட்டு வீரர். சேறு ஆரணியுடையது, பெயர் ஆற்காட்டுக்குப் போனது. பின்னாளில் பட்டு விஷயத்தில் நடக்கப்போவதற்கு ஊர் அன்றைக்கே ஒத்திகை பார்த்துவிட்டது.

கிளைவைத் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, திட்டலாம். ஆனால் விளம்பர விஷயத்தில் மனிதர் கில்லாடி. கையிலிருந்து ஒரு காசு செலவழிக்கவில்லை. அவருடைய சிநேகிதர் ராபர்ட் ஆர்ம் எல்லாவற்றையும் குறித்துவைத்து, 1763-இல் தடிப் புத்தகமாகப் போட்டார். 1753-இல் ஊர் திரும்பியபோது கம்பெனி வைரம் பதித்த வாள் ஒன்றைப் பரிசாக நீட்டியது. கிளைவ் உடனே பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிவிடவில்லை. “என் மேலதிகாரி லாரன்ஸுக்கும் ஒன்று கொடுங்கள், அப்போதுதான் வாங்குவேன்” என்றார். வாளைப் பற்றிப் பேசியவர்களைவிட இந்தப் பெருந்தன்மையைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். அவர் செத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, 1840-இல், மெக்காலே ஒரு கட்டுரை எழுதி ஆற்காட்டு முற்றுகைக் கதையை ஊரெல்லாம் பரப்பினார். அதில்தான் நம் சிப்பாய்கள், “சோறு வெள்ளைக்காரர்களுக்குப் போகட்டும், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும்” என்று சொன்னதாக வருகிறது. கஞ்சி குடித்தவன் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. குடிக்கவைத்தவர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது.

1782 ஜூன் 2-இல் இதே ஆரணியில் மறுபடியும் ஒரு சண்டை. இந்தத் தடவை மைசூர் ஹைதர் அலியும் கம்பெனித் தளபதி அயர் கூட்டும். ஜெயித்தது நாங்கள்தான் என்று எழுதிக்கொண்டார்கள் வெள்ளைக்காரர்கள். கோட்டை மட்டும் ஹைதரிடமே இருந்தது. தோற்றாலும் அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்குக் கூட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இனி பட்டுக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்காரர்கள் கையில் ஒரு கதை இருக்கிறது: மார்க்கண்டேய முனிவர் தாமரைத் தண்டின் நாரை எடுத்துத் தேவர்களுக்கு வஸ்திரம் நெய்தார், நாங்கள் அந்த வம்சம். யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் தேவர்கள். போய் விசாரிக்க முடியாது, புகார் கடிதமும் வராது. இதைவிடப் பெரிய சிபாரிசு எந்தக் கடைக்குக் கிடைக்கும்?

ஆரணியிடம் மட்டும் சரக்கு இல்லையா என்ன? கமண்டல நாகநதிக் கரையிலுள்ள புத்திர காமேட்டீஸ்வரர் கோயிலில்தான் தசரதன் பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்தான் என்பது தல புராணம். அதாவது ராமாயணமே இந்த ஊரில்தான் கருவுற்றது. யாகத்துக்கு உட்கார்ந்த சக்ரவர்த்தி துவைத்த நாலு முழ வேட்டியா கட்டியிருப்பான்? “தசரதன் உடுத்தியது ஆரணிப் பட்டு” என்று ஒரு வரி எழுதிப் பலகை மாட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மூன்று பட்டமகிஷிகள், மூன்று முகூர்த்தப் புடவை என்று வியாபாரம் எங்கேயோ போயிருக்கும். ஆரணிக்காரர் அநியாயத்துக்கு அடக்கமானவர். குனிந்த தலை நிமிராமல் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார்.

பாவை அறுத்துப் புடவையை இறக்கிய அந்தக் கணத்தோடு நெசவாளிக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்தது. கூலி கொடுக்கிற முதலாளி வீட்டுக்குப் போகும். அங்கே மடித்து அடுக்குவார்கள். அங்கிருந்து பட்டணத்துக்கு பஸ்ஸோ வேனோ ஏறும். வழியில் எங்கேயோ அதற்கு ஞானஸ்நானம் நடந்து பெயர் மாறிவிடும். கடையில் நடப்பதைப் பெண்ணைப் பெற்றவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

“ஏம்ப்பா, இது ஒரிஜினல் காஞ்சிபுரம்தானே?”

“அம்மா, தொட்டுப் பாருங்கம்மா, உங்களுக்கே தெரியும்.”

“என்ன இது, வெயிட் கம்மியா இருக்கே?”

“அதாம்மா இப்ப ஃபேஷன். லைட் வெயிட் காஞ்சிபுரம்!”

எடை குறைவு என்பது ஆரணிப் புடவையின் இயல்பு. கல்யாண மேடையில் மணிக்கணக்காக உட்காருகிற பெண்ணுக்கு அது வரப்பிரசாதம். அந்த நல்ல குணத்தையே காஞ்சியின் புது ஃபேஷனாக விற்கிறவருக்கு ஒரு நோபல் பரிசு கொடுக்கலாம். கூடவே ஒரு போலீஸ் கேஸும்.

சினிமாவாவது காப்பாற்றியதா? பட்டு நெய்கிறவன் மகளுக்குப் பட்டுப் புடவை வாங்க முடியாத கதையை பிரியதர்ஷன் படமாக எடுத்தார். பிரகாஷ் ராஜுக்கு தேசிய விருது கிடைத்தது. படத்தின் பெயர்? ‘காஞ்சிவரம்’. 2008 ஜனவரி 5-இல் சென்னை சில்க்ஸ், ரவிவர்மா ஓவியங்களை நெய்த ஒரு புடவையை 39,31,627 ரூபாய்க்கு விற்று கின்னஸில் ஏறியது. அதுவும் காஞ்சிபுரத்துத் தறி. ஏழ்மைக்கும் காஞ்சி, பகட்டுக்கும் காஞ்சி. ஆரணிக்கு மிச்சம் வைத்தது என்ன?

இரண்டு விஷயம் மிஞ்சியது. இரண்டும் பட்டு இல்லை.

முதலாவது, ஆரணி குப்புசாமி முதலியார். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல்களாக எழுதிக் குவித்தவர், ‘ஆனந்தபோதினி’ ஆசிரியர். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் சரக்கையெல்லாம் வேட்டி கட்டவைத்துத் தமிழில் உலவவிட்டார். ‘இரத்தினபுரி இரகசியம்’ பாகம் பாகமாக வந்தது. கதை எங்கிருந்து வந்தால் என்ன, அட்டையில் முதல் வார்த்தை ஆரணி. சொந்தமாக நெய்தவன் பெயர் போடவில்லை, வெளியூர் நூலில் நெய்தவர் ஊரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது, அரிசி. ஆரணி, களம்பூர் ரைஸ் மில்காரர்கள் எந்த விளம்பரக் கம்பெனியையும் கூப்பிடவில்லை. மூட்டையின் மேல் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தைத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். சென்னை மளிகைக் கடையில் “ஆரணி களம்பூர் பொன்னி இருக்கா?” என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரே ஊர், ஒரே ஆறு. சாக்குக்கு இருக்கிற விலாசம் பட்டுக்கு இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குத்தான் தோன்றியது. சகாயம் கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, பட்டுப் புடவையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையைச் சேர்த்து வைத்தார். 1935-இல் தொடங்கிய நிறுவனம், நெய்தவருக்கு முகம் உண்டு என்று கண்டுபிடிக்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. போகட்டும், சர்க்கார் வேகத்துக்கு அது மோசமில்லை.

அந்த அட்டையை அச்சடிக்கக் கோ-ஆப்டெக்ஸ் வேண்டியதில்லை. நாலு தறி வைத்திருக்கிற எந்த ஆரணி வீட்டாரும் அடிக்கலாம்: யார் நெய்தது, எந்தத் தெரு, எத்தனை நாள் தறியில் இருந்தது, ஜரிகையில் என்ன இருக்கிறது. கடைசி விஷயத்தில் மட்டும் தசரதனைப் போல ஒரே வாக்கு வேண்டும். கலப்பு ஜரிகை என்றால் கலப்பு என்றே போட வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொண்டால் அடுத்த தெருவுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். புவிசார் குறியீடு காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் கிடைத்தது, சில ஆண்டுகளில் ஆரணிப் பட்டுக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் சான்றிதழைச் சட்டம் போட்டு ஆணியில் மாட்டினால் புடவை விற்காது. அந்தப் பெயரை முறைப்படி பயன்படுத்தத் தகுதியுள்ளவர் என்று ஒவ்வொரு உற்பத்தியாளரும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு அலுவலகம் டில்லியில்கூட இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.

மற்றபடி கிளைவுக்கு ஆர்ம் செய்த வேலையைச் செய்ய இன்றைக்கு வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. பத்தாவது படிக்கிற பையன் கையில் போனைக் கொடுத்து, தாத்தா இழை அறுந்த இடத்தில் எச்சில் தொட்டு முடிச்சுப் போடுவதை எடுக்கச் சொன்னால் போதும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், தறிச் சத்தமே நன்றாக இருக்கும். புடவையில் சாயம் போச்சு என்று யாராவது கீழே எழுதினால் அதை அழிக்காமல், வேறு தருகிறோம் அம்மா என்று அங்கேயே பதில் எழுதலாம். நாலு பேர் பார்ப்பது அந்தப் பதிலைத்தான்.

இதெல்லாம் நடந்தால் ஒரு தொல்லையும் கூடவே வரும். களம்பூர் மூட்டைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, எங்கெங்கோ விளைந்த அரிசி அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு அலைகிறது. அதேபோல் ஒருநாள் காஞ்சிபுரத்தில் யாராவது ஒரு புடவையை எடுத்துக் காட்டி, குரலைத் தாழ்த்தி, “இது அசல் ஆரணி” என்று சொன்னதாகச் செய்தி வரும். வக்கீலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரு முழுக்க லட்டு கொடுக்க வேண்டும்.