ஊதா நட்சத்திரம் எடுப்போர் கவனத்துக்கு

புனே பக்கத்துப் பிம்ப்ரி மொட்டைமாடியில் நின்று ஓரியனைப் படம் எடுத்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஊதா விளிம்பு. பதற வேண்டாம். அதற்கு 'நெபுலா' என்று பெயர் சூட்டி சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். செயலாளரே கைகூப்புவார், மாடிச் சாவிக்கு இனிக் கவலையில்லை. அத்தனை நட்சத்திரத்துக்கும் ஒரே மாதிரி நெபுலா எப்படி வாய்த்தது என்று எட்டாவது படிக்கும் பையன் யாராவது கேட்பான். அவனைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, பழிபோட ஆள் தேடுங்கள். பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை, மெட்ரோ, எம்ஐடிசி ஆலைகள் என்று இங்கே விளக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை வானத்துக்குச் சாம்பல் பூசுமே தவிர, நட்சத்திரத்துக்கு மோதிரம் போடாது. குற்றவாளி லென்ஸ். கண்ணாடி நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. நிறங்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை. இரட்டைக் கண்ணாடி அக்ரோமேட் சிவப்பையும் நீலத்தையும் சமாதானம் செய்துவைக்கும். ஊதா மட்டும், பந்திக்கு வராத பங்காளி மாதிரி வெளியே நிற்கும்.

ஆகவே நிறப்பிரிவைக் குறைக்கும் ஈடி கண்ணாடி டெலஸ்கோப்புக்கு உடனே ஆர்டர் கொடுங்கள். வீட்டில் கேட்டால் லென்ஸ் துடைக்கும் துணி என்று சொல்லலாம். துணி ஏன் ஐந்து கிலோ என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

இனி வருவது கஞ்சர்களுக்கு மட்டும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இலிருந்து எஃப் 4-க்கு மூடுங்கள். ஊதா பெரும்பாலும் அடங்கும். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால் கூடுதலாகப் படங்கள் எடுத்து அடுக்க வேண்டியிருக்கும். லைவ் வியூவில் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை திருப்பினால் விளிம்பு ஊதாவிலிருந்து பச்சைக்குத் தாவும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். படத்தின் நடுப்பகுதி சுத்தமாக இருந்து, ஓரங்களில் மட்டும் நிறம் இழுத்தால் மூடிப் பயனில்லை. மென்பொருளில் சிவப்பு, நீல அடுக்குகளின் அளவைச் சற்றே மாற்றினால் சரியாகிவிடும்.

டெலஸ்கோப்பில் அகத்திய நட்சத்திரத்தை எடுக்கும் தமிழர்களுக்குத் தனி வில்லங்கம்: மேலே நீலம், கீழே சிவப்பு. இதில் லென்ஸ் நிரபராதி. கன்னியாகுமரியில் 29 பாகை வரை ஏறும் அகத்தியர், பிம்ப்ரியில் 19 பாகையைத் தாண்டுவதில்லை. அடிவானத்துக் கனத்த காற்றே முப்பட்டகமாகிவிடுகிறது. எத்தனை லட்சம் கொட்டி வாங்கிய ஈடி கண்ணாடியும் காற்றைத் திருத்தாது. ஊருக்கு டிக்கெட் போடுவது மலிவு.

நிறமே பிரியக்கூடாது என்று அடம்பிடிப்பவர்கள், 1668-இல் நியூட்டன் செய்ததுபோல் லென்ஸை விட்டு ஆடிக்கு மாறலாம். நாசிக் சாலைப் பக்கம் கிராவலியில் ஐயூகா வானியல் நிறுவனத்திடம் 2 மீட்டர் ஆடி ஒன்று இருக்கிறது. இரவல் தரமாட்டார்கள்.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பிரச்சினை தானே தீர்ந்துவிடும். மேகத்தில் ஊதா விளிம்பு விழுவதில்லை. அந்த மாதங்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள்.