கம்பி வலைக்கு வந்த வாழ்வு

தேவனேரிக் குப்பத்தில் அத்தை வீட்டில் மீன் சுட ஒரு கம்பி வலை இருந்தது. அப்போது எங்களுக்குச் செங்கல்பட்டு ஜில்லா. நடுவில் காஞ்சிபுரமாகி, 2019இல் மறுபடி செங்கல்பட்டே ஆகிவிட்டது. ஜில்லா மாறியதே தவிர வலை மாறவில்லை.

கட்டுமரத்திலிருந்து இறங்கிய மத்தியைத் தென்னமட்டை நெருப்பில் சுட்டு, கொழுப்பு ஒழுக ஒழுகத் தின்று முடித்ததும், அத்தை தேங்காய் நாரில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு நாலு இழுப்பு இழுப்பாள். சாம்பலின் காரம் மீன் கொழுப்போடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாகவே மாறும். இந்த வேதியியல் தெரிந்திருந்தால் அத்தை சாம்பலுக்கு விலை வைத்திருப்பாள். பிறகு தணலில் காட்டி ஈரத்தைப் போக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அடுப்புக்கு மேலேயே மாட்டுவாள். தெருவில் கதவுக் கீலெல்லாம் துருப்பிடித்து உதிர, அது மட்டும் கரேலென்று கிடந்தது. தினமும் சூடு கண்ட இரும்பு அது.

இப்போது தம்பி மகன் அதே கரையில் வாரக்கடைசி வீடு கட்டியிருக்கிறான். தோட்டத்தில் சக்கரம், மூடி, வெப்பமானியோடு ஒரு கிரில். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காதாம். அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் அதெல்லாம் நடக்காது. உப்பிலுள்ள குளோரைடு, எஃகின் மேல்தோலான குரோமியம் ஆக்சைடைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். மாலிப்டினம் கலந்த 316 இன்னும் கொஞ்சம் தாங்கும். கருங்கல்லையே அரிக்கிற காற்று! பக்கத்து மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கல்லில் ஊறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழ் அப்பி உரிக்கிறது. கிரில்லுக்குப் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஈரம் சுகமாகத் தங்குகிறது.

அதைச் சுத்தம் செய்ய ஒரு அலமாரியே உண்டு: ஸ்ப்ரே, கையுறை, சுரண்டி, கம்பி பிரஷ். உதிர்ந்த பிரஷ் இழை இறைச்சியோடு உள்ளே போய் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு என்றேன். சாம்பல் போடலாமே என்றும் சொன்னேன்.

"கோடு விழும் பெரியப்பா. வாரன்டி போயிடும்."

கிரில் எரிவது புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும்தான். ஆனாலும் உள்ளே இருக்கிற வார்ப்பிரும்புக் கம்பி மட்டும் துருவில்லாமல் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கிறது. ஒரு புதன்கிழமை சொல்லாமல் போனபோதுதான் காரணம் தெரிந்தது: வாட்ச்மேன் அதைக் கழற்றி மூன்று கல்லின் மேல் வைத்துச் சங்கரா சுட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு மீன் கிடைத்தது.

சனிக்கிழமை தம்பி மகன் கம்பியைத் தடவிப் பார்த்தான். "பார்த்தீங்களா பெரியப்பா? ஸ்ப்ரே காசுக்கு வேலை செய்யுது."

வாட்ச்மேன் என்னைப் பார்க்கவேயில்லை.