நிறுத்தினால் அணையும் விளக்கு பற்றி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு மிதிவண்டிக்காரன்.

பெறுநர்: உயர்திரு இரவு வாகனத் தணிக்கைப் பிரிவு, எங்கள் ஊர் ரவுண்டானா, இரும்புத் தடுப்புக்குப் பின்னால், டீக்கடைக்கு முன்னால்.

பொருள்: மிதிவண்டி – டைனமோ விளக்கு – குறைந்த செலவில் வாங்கி மாட்டுதல் – தங்கள் மேலான அறிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற செவ்வாய் இரவு ஒன்பதே முக்காலுக்குத் தங்கள் அலுவலர் என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

மேற்படி பார்வையோடு அலுவலர் லத்தியையும் நீட்டியதால் நான் நின்றேன். நின்றதும் என் விளக்கு அணைந்தது. “லைட் இல்லாம எங்கய்யா போறே?” என்றார். “இருந்துச்சு சார், நீங்க நிறுத்தினதும் போயிடுச்சு” என்றேன். கிட்டே வந்து, என் வாயை ஊதச் சொன்னார்.

டைனமோவின் சுபாவம் அது. மிதித்தால் டயர் சுழலும்; டயரின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் உருளை சுழலும்; உருளையோடு சேர்ந்து உள்ளே இருக்கும் காந்தம் கம்பிச்சுருளுக்கு நடுவே சுழலும்; மின்சாரம் வரும். நின்றால் வராது. இதை ஓட்டிக் காட்டிவிடலாம் என்று பெடலில் கால் வைத்தேன். “ஓடவா பாக்கறே?” என்று கேரியரைப் பிடித்துக்கொண்டார். நின்றால் விளக்கில்லாத குற்றம், ஓடினால் தப்பியோடிய குற்றம். கடைசியில் அவரே ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடிக்க, நான் குனிந்து முன்சக்கரத்தைக் கையால் சுழற்ற, விளக்கு மினுக்கென்று எரிந்து எங்கள் இருவர் மானத்தையும் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் ஹெட்லைட்டே இல்லாத ஒரு மணல் டிராக்டர் எங்களைக் கடந்து போனது. அதை நிறுத்த அவருக்குக் கை ஒழியவில்லை. என் ஹேண்டில்பார் அவர் கையில் இருந்தது.

“சரி போ, நல்ல லைட்டா வாங்கி மாட்டு” என்று உத்தரவிட்டார். நல்ல லைட் எது என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

முதலில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். வரிசையாக நின்ற புது வண்டிகளில் ஒன்றில்கூட விளக்கு இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ரிஃப்ளெக்டர் இருந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடலில் மஞ்சள். இந்த ரிஃப்ளெக்டர் தரமாக இருக்க வேண்டும், முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணையே போட்டிருக்கிறது. அரசின் அக்கறையை நினைத்து நெகிழ்ந்தேன். ரிஃப்ளெக்டருக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. லாரி விளக்கு அதன்மேல் பட்டால் லாரிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அதாவது, அவர் என்னைப் பார்த்தால் போதும், நான் எதையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் தெருவில் மூடி இல்லாத பாதாளச் சாக்கடைக் குழிக்கு லாரியைப்போல விளக்கும் இல்லை, என்னைப்போல ரிஃப்ளெக்டரும் இல்லை. நாங்கள் இருவரும் தொட்டுத்தான் அறிமுகம் ஆகிக்கொள்கிறோம்.

என் தாத்தா காலத்தில் இப்படிக் குழப்பம் இருந்ததில்லை. சைக்கிளுக்கு வருஷ வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். ராத்திரியானால் விளக்கு வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கோ மில்லர் டைனமோவோ, ஏதோ ஒன்று எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் வால்டியூபைக் கழற்றிக் காற்றை இறக்கிவிடுவார்கள். தாத்தா நாலு மைல் தள்ளிக்கொண்டு வந்த கதையைச் சாகும்வரை சொன்னார். அடாவடிதான். ஆனாலும் தள்ளுகிறவனுக்கு என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஜெர்மனிக்காரர்கள் இதில் இன்னும் பிடிவாதம்: பதினோரு கிலோவுக்கு உட்பட்ட பந்தய வண்டி தவிர மற்ற சைக்கிளுக்கு டைனமோ கட்டாயம் என்று 2013 வரை சட்டமே வைத்திருந்தார்கள். ஆறு வோல்ட், மூன்று வாட் என்பதுவரை எழுதியிருந்தார்கள். பிறகுதான் பேட்டரி விளக்கையும் அனுமதித்தார்கள்.

ஆறு வோல்ட், மூன்று வாட் என்றதும் எங்கள் தெரு முனை பஞ்சர் கடை பாய்க்கு முகம் மலர்ந்தது. பரணிலிருந்து பழைய டைனமோ செட் ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். சில நூறு ரூபாய். அதன் குடும்பக் கணக்கு இது: முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட். ஒன்று ஃப்யூஸ் போனால் அதன் பங்கும் மற்றதன் தலையில் விழும். இறக்கத்தில் வேகமாக வந்தால் அதுவும் கருகும். சேர்ந்து வாழ்ந்து, அடுத்தடுத்துச் சாகும் தம்பதி. ஒற்றை ஒயர்தான் ஓடும், திரும்பும் வழி சைக்கிள் பிரேம். கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டாவிட்டால் எர்த் கிடைக்காது. எத்தனையோ நல்ல டைனமோக்கள் இந்த ஒரு சுரண்டல் இல்லாமல் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. உருளையின் அச்சு சக்கர மையத்தை நோக்கி நிற்க வேண்டும். கோணினால் டயரைத் தின்னும். நன்றாக நின்றாலும் மழையில் வழுக்கும், அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் விடுப்பு எடுக்கும். இந்தக் குணத்தைத் தங்கள் துறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வழுக்காத ஜாதியும் இருக்கிறது. முன்சக்கர ஹப்புக்குள்ளேயே டைனமோ. சத்தம் இல்லை, தேய்மானம் இல்லை, மழை பற்றிய கவலை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஆசையாக ஒன்று கொண்டுவந்தார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓட்டைகளை எண்ணினார். முப்பத்தாறு. நம்மூர்ப் பெரிய சைக்கிளின் முன்சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் கம்பி முப்பத்திரண்டு, பின்சக்கரத்துக்கு நாற்பது. புது ரிம், புதுக் கம்பி, கோட்டம் எடுக்கும் கூலி எல்லாம் சேர்த்தால் என் சைக்கிளின் விலையைத் தாண்டியது. போர்க்கையும் கொஞ்சம் விரிக்க வேண்டும் என்றார். ஹப் இப்போது வீட்டு ஷோகேஸில், மகளின் ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செல்போன்போல சார்ஜ் போடும் விளக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். வாங்கினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேறு யாருக்கோ வெளிச்சம் கொடுக்கப் போய்விட்டது.

ஆகவே பழைய டைனமோவுக்கே திரும்பினேன். பல்பை மட்டும் மாற்றினேன். டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம். நாலு டயோடு போட்டு அதை ஒரே திசைக்குத் திருப்பினால் எல்.இ.டி. எரியும். அதே மூன்று வாட்டில் பழைய பல்பு பழுத்த எலுமிச்சைபோலத் தெரிந்தது, எல்.இ.டி. சாலையில் பால் ஊற்றுகிறது. குழியின் மறுகரைகூடத் தெரிகிறது. ரிச்சி தெருவில் வாங்கிய சில உதிரிகளோடு, எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் பழைய டூமுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிவிட்டார். மொத்தச் செலவைக் கூட்டினால், ஹெல்மெட் போடாத என் மைத்துனர் தங்களிடம் ஒருமுறை கட்டிய அபராதத்தைவிடக் குறைவு.

இதில் ஒரே சங்கடம், எதிரே வரும் பெரிய கார்கள். அந்தக் காலத்தில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். இப்போது திருஷ்டி கழிந்துவிட்டது போலும். வெள்ளை விளக்கை உச்சத்தில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். என் மூன்று வாட் அதன் முன்னால் எரிகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அவர்களையும் ஹேண்டிலைத் தூக்கிப் பிடித்துச் சோதிக்கும்படி தங்களைக் கேட்கமாட்டேன். கார் கனமானது.

கடைசியாக, தங்களுக்காகவே செய்த ஏற்பாடு ஒன்று. ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு ஃபாரட் சூப்பர் கப்பாசிட்டர் ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறேன். அது 5.5 வோல்ட்தான் தாங்குமாம். மீறாமலிருக்க ஒரு ஸீனர் காவல் இருக்கிறது. ஓடும்போது சேமித்துக்கொண்டு, நின்ற பிறகும் விளக்கை மங்கலாக எரிய வைக்கும். இனித் தாங்கள் நிறுத்தினாலும் விளக்கு உடனே அணையாது.

வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்தேன். இரண்டே கால் நிமிடம் எரிகிறது. தயவுசெய்து அதற்குள் விசாரணையை முடித்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மிதிவண்டிக்காரன்.

இணைப்பு: ஃப்யூஸ் போன பல்பு – 2 (முன் ஒன்று, பின் ஒன்று).